டெஃப்லான் இடுப்பு: சார்ன்லியின் 300 நோயாளிகள்

1958 முதல் 1962 வரை, வட இங்கிலாந்தில் விகன் நகருக்கு அருகே உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் சுமார் 300 பேருக்கு டெஃப்லான் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்த கிண்ணம் பொருத்தி இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அந்தக் கிண்ணங்கள் தோற்றன. ஒன்றிரண்டு அல்ல, அந்த முறையே தோற்றது. அறுவை செய்தவர் ஜான் சார்ன்லி. இன்று உலகம் முழுவதும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு அடித்தளம் போட்டவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இவரைத்தான்.

எலும்பியல் படிப்பவர்களுக்கு 1962-க்குப் பிந்தைய வெற்றியை விரிவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டெஃப்லான் தோல்வி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அந்த நான்கு ஆண்டுகளில்தான் இந்தத் துறைக்கான முக்கியமான பாடம் இருக்கிறது. எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள், தவறு தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அது புரியும்.

கிறீச்சிடும் இடுப்பு

இடுப்பு மூட்டின் அமைப்பு எளிமையானது. தொடை எலும்பின் மேல்முனையில் உருண்டையான தலை. இடுப்பு எலும்பில் அது உட்காரும் கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு, நடுவில் மூட்டுத் திரவம். நாம் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்கு விசை இந்த மூட்டில் இறங்குகிறது. ஒரு காலை வைத்து எடுப்பதை ஒரு சுழற்சி என்று கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் சுழற்சி. மூட்டழற்சியில் குருத்தெலும்பு போய்விட்டால் எலும்பும் எலும்பும் நேரடியாக உரசும். அந்த வலியோடு ஒரு படி ஏறுவதும் இரவில் புரண்டு படுப்பதும் எவ்வளவு கடினம் என்பது வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1940-களின் பிற்பகுதியில் பாரிஸின் ஜூடே சகோதரர்கள் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, அக்ரிலிக் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த தலையைப் பொருத்தத் தொடங்கினார்கள். இந்த முறை வேகமாகப் பரவியது. அப்படி அறுவை செய்துகொண்ட ஒருவர் பின்னர் சார்ன்லியிடம் வந்தார். அவர் அசையும்போதெல்லாம் இடுப்பிலிருந்து கிறீச்சென்று சத்தம். சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் சாய்ந்தாலே மனைவி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம். வலி இல்லை, சத்தம்தான் தொல்லை. பல மருத்துவர்கள் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். சார்ன்லி அதிலிருந்து கேள்வியைப் பிடித்தார். சத்தம் வருகிறது என்றால் உராய்வு அதிகம். உராய்வு அதிகமானால், தலை திரும்பும்போது, அதைத் தாங்கி எலும்புக்குள் இறங்கும் தண்டும் சேர்ந்து முறுக்கப்படும். கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். ஜூடே மூட்டுகள் ஏன் ஆட்டம் கண்டன என்பதற்கு இது பொருத்தமான விளக்கமாக இருந்தது.

அப்போது நிலவிய கருத்து, மூட்டுத் திரவம்தான் எல்லா வழவழப்புக்கும் காரணம் என்பது. எந்திரத்தில் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மிதப்பதுபோல மூட்டிலும் நடக்கிறது என்று நினைத்தார்கள். சார்ன்லி அறுவையில் அகற்றப்பட்ட காலிலிருந்து கிடைத்த மூட்டை எடுத்து உராய்வை அளந்து பார்த்தார். மதிப்பு மிகமிகக் குறைவு. உராய்வுக் குணகம் 0.01-ஐ ஒட்டிய அளவு. மூட்டு மெதுவாக, விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக அசைகிறது. அந்த மாதிரி அசைவில் தொடர்ச்சியான திரவப் படலம் நிற்காது. எனவே வழவழப்பின் பெரும்பங்கு குருத்தெலும்பின் பரப்பிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். குருத்தெலும்பு போன மூட்டில் திரவம் உதவாது. அப்படியானால் தானாகவே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும்.

அன்றைக்குக் கையில் கிடைத்தவற்றில் அப்படிப்பட்ட பொருள் டெஃப்லான். எதனோடும் எளிதில் வினைபுரியாது, உடலில் கரையாது, எஃகின் மேல் நன்றாக வழுக்கும். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத தேர்வு.

பொருத்திய விதம்

முதலில் இரண்டு மெல்லிய டெஃப்லான் கிண்ணங்களை வைத்துப் பார்த்தார். ஒன்று இடுப்பு எலும்பின் குழியில், மற்றொன்று தொடை எலும்பின் தலைமேல் தொப்பியாக. தொப்பிக்கு அடியில் இருந்த எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சிதைந்தது. அப்புறம் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையும் தண்டும் வைக்கும் முறைக்கு மாறினார். கிண்ணம் டெஃப்லானாகவே நீடித்தது.

தண்டை எலும்புக்குள் நிறுத்துவது அடுத்த சிக்கல். மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களில் ஆய்வு செய்துகொண்டிருந்த டென்னிஸ் ஸ்மித் காட்டிய வழி, பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக். பொடியையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடத்தில் மாவுப் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் தொடை எலும்பின் உட்குழியில் அடைத்து, தண்டை அதில் இறக்கிப் பிடித்தால், சூடு கிளம்பி இறுகிவிடும். எலும்பு சிமெண்ட் என்று பெயர் வந்தாலும் இது ஒட்டுவதில்லை. தரை ஓடுகளுக்கு இடையில் பூசும் சிமெண்டுப் பாலைப் போல இடைவெளியை நிரப்பி, சுமையை எலும்பின் உட்பரப்பு முழுவதிலும் பரப்புகிறது. சார்ன்லி இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஜூடே மூட்டில் உரசும் பரப்பாக இருந்து தோற்றதும் இதே அக்ரிலிக் வகைதான். உரசாத இடத்தில் நிரப்பியாக வைத்தபோது அது அறுபது ஆண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றி நல்லது, கெட்டது என்று பேசும்போது அது எங்கே, என்ன வேலைக்கு வைக்கப்பட்டது என்று கேட்காமல் பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவது முடிவு தலையின் அளவு. சார்ன்லி முதலில் பயன்படுத்திய உலோகத் தலையின் விட்டம் ஏறத்தாழ 41.5 மி.மீ.; இயற்கையான தலையின் அளவுக்கு நெருக்கமானது. பிறகு படிப்படியாகக் குறைத்து 22.225 மி.மீ., அதாவது ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு என்ற அளவுக்கு வந்தார். பார்த்தவர்களுக்கு அது பொம்மைத் தலையாகத் தோன்றியிருக்கும். கணக்கு தெளிவானது. உராய்வு விசை தலையின் பரப்பில் செயல்படுகிறது. அது கிண்ணத்தைத் திருப்ப முயலும் வலு ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் கிண்ணத்தைப் பிடுங்க முயலும் வலுவும் ஏறக்குறைய பாதி. தலை சிறுத்த அளவுக்குக் கிண்ணத்தின் சுவர் தடிமனாக இருக்கலாம். நழுவி வெளியே வரும் அபாயம் கூடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. அதை இடுப்பைச் சுற்றிய தசைகளின் இழுவையைச் சரிசெய்து ஈடுகட்டலாம் என்று நினைத்தார்.

1961 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் இந்த அறுவையைப் பற்றி எழுதினார். நோயாளிகளிடம் தெரிந்த முன்னேற்றம் அப்போது உண்மையிலேயே வியக்கத்தக்கது. பல ஆண்டு வலியோடு வந்தவர்கள் சில வாரங்களில் வலியில்லாமல் நடந்தார்கள்.

எக்ஸ்ரேயில் தெரிந்தது

தொடர்ந்து எடுத்த எக்ஸ்ரேக்களில் உலோகத் தலை கிண்ணத்துக்குள் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. டெஃப்லான் தேய்ந்துகொண்டிருந்தது, அதுவும் மில்லிமீட்டர் கணக்கில். இரண்டு மூன்று ஆண்டில் கிண்ணத்தின் சுவரே ஊடுருவப்படும் நிலை. கிண்ணத்தைச் சுற்றி எலும்பு கரைந்து குழிகள் விழுந்தன. வலி திரும்பியது. திறந்து பார்த்தபோது உள்ளே வெள்ளையாக, கெட்டியான கூழ். பார்வைக்குக் கிருமித்தொற்று மாதிரி இருந்தாலும் கிருமி இல்லை. தேய்ந்து உதிர்ந்த டெஃப்லான் துகள்களும், அவற்றை விழுங்கி ஜீரணிக்க முடியாமல் போன செல்களும் சேர்ந்த திசு அது.

எங்கே சறுக்கினார்? அவர் உராய்வைத்தான் அளந்தார். தேய்மானத்தை அளக்கவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று போகும் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். அது சரியல்ல. டெஃப்லான் வழுக்குவதே அதன் மேற்பரப்பு அடுக்குகள் எளிதில் பிரிந்து நழுவுவதால்தான். எந்தக் குணம் உராய்வைக் குறைத்ததோ அதுவே அந்தப் பொருளை உதிரவும் வைத்தது. பெரிய தலையாக இருந்த காலத்தில் சிக்கல் இன்னும் மோசம். 41.5 மி.மீ. தலையின் பரப்பு ஒவ்வொரு அடிக்கும் 22 மி.மீ. தலையைவிட ஏறத்தாழ 1.9 மடங்கு தூரம் உரசிச் செல்கிறது. உதிரும் அளவும் அதற்கேற்பக் கூடும்.

தேய்மானத்துக்கு ஒரு சோதனை எந்திரத்தை முன்பே கட்டிச் சில மாதம் ஓட்டியிருந்தால் இந்த 300 பேரில் பெரும்பாலோர் தப்பியிருப்பார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய காலத்தில் அப்படிச் சோதிக்கும் வழக்கமோ சட்டமோ இல்லை என்பது உண்மைதான். ஆனால் மூட்டின் உராய்வையே எந்திரம் வைத்து அளந்த ஒருவருக்கு அந்த யோசனை எட்டாத தூரத்தில் இல்லை.

அடுத்து அவர் செய்தவற்றுக்காகத்தான் இந்த நிகழ்வை எழுதத் தோன்றியது. டெஃப்லான் துகள்களைத் தன் தொடையிலேயே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க, பின்னர் டெஃப்லானின் இடத்தைப் பிடித்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் துகள்களையும் செலுத்திக்கொண்டார். 9 மாதத்துக்குப் பிறகும் டெஃப்லான் போன இடத்தில் கட்டிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன; பாலிஎத்திலீன் இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1963-ல் இதை லான்செட்டுக்குக் கடிதமாக எழுதினார். தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லான் வைத்த நோயாளிகளைத் திரும்ப அழைத்து மறு அறுவை செய்யும் வேலையையும் தானே சுமந்தார்.

லேத்தும் ஒரு புதிய பிளாஸ்டிக்கும்

ரைட்டிங்டனில் சார்ன்லிக்கு ஒரு சிறு பட்டறை இருந்தது. அங்கே லேத்திலும் சோதனை எந்திரத்திலும் வேலை செய்தவர் ஹாரி கிரேவன். 1962 மே மாதம் பிளாஸ்டிக் கியர் விற்பவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளில் ஓடிக்கொண்டிருந்த கியர்களின் பொருள் அது. மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன். சார்ன்லி கையில் வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று சொல்லிவிட்டார். அப்போது கிரேவன் செய்ததுதான் வரலாற்றை மாற்றியது. சார்ன்லி வெளிநாடு போயிருந்த நேரத்தில் அந்தத் துண்டை எந்திரத்தில் பொருத்தி இரவும் பகலும் ஓட்டினார். மூன்று வாரம் ஓடியும் தேய்ந்தது மிகச் சொற்பம். டெஃப்லான் ஒரே நாளில் அந்த அளவுக்குத் தேய்ந்துவிடும்.

மேலதிகாரி வேண்டாம் என்ற பொருளைத் தன் பொறுப்பில் சோதித்த தொழில்நுட்பரின் பெயர் இந்தத் துறையில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும். திரும்பி வந்த சார்ன்லியும் தன் கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எண்களைப் பார்த்தார், ஏற்றுக்கொண்டார். 1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது.

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. சொந்த நோயாளிகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த பிறகே மற்ற மருத்துவர்கள் இந்த மூட்டை வாங்க அனுமதித்தார். தொடக்கத்தில், ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றவர்களுக்கு மட்டுமே லீட்ஸின் தாக்ரே நிறுவனம் கருவிகளை விற்றது. நோயாளிகளிடம் இன்னொன்றும் கேட்டார்: இறந்த பிறகு மூட்டை எடுத்து ஆராய அனுமதி. பலர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அப்படிக் கிடைத்த மூட்டுகளிலிருந்துதான் சிமெண்டுக்கும் எலும்புக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் என்ன நடக்கிறது என்பதும், கிண்ணம் உண்மையில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் தெரியவந்தன. பாலிஎத்திலீன் கிண்ணத்தின் சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவில் இருந்தது.

இதே ஆண்டுகளில் கிருமித்தொற்றையும் அவர் கையில் எடுத்தார். ஆரம்பக் காலத்தில் நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு ஆழமான தொற்று வந்தது. அறுவை மேசையைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழே இறக்கி, அறுவை செய்பவர் விடும் மூச்சையும் குழாய் வழியாக வெளியேற்றினார். தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே போனது. எதனால் குறைந்தது என்ற விவாதம் நெடுநாள் ஓடியது. கடைசியில் பல மருத்துவமனைகளில் 8,000-க்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்து நடந்த பிரிட்டிஷ் ஆய்வு, தூய்மையான காற்று தொற்றைக் கணிசமாகக் குறைக்கிறது என்று 1982-ல் உறுதிசெய்தது. சார்ன்லி இறந்ததும் அதே ஆண்டுதான்.

பாலிஎத்திலீனும் முழு விடை அல்ல

அமெரிக்காவின் மேயோ கிளினிக், சார்ன்லி முறையில் மாற்றிய 2,000 இடுப்புகளை 25 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோது, சுமார் 80 சதவீதம் அகற்றவோ மாற்றவோ வேண்டிய தேவை இல்லாமல் நீடித்திருந்தன. ஆனாலும் சார்ன்லியின் தொடையில் 9 மாதம் அமைதியாக இருந்த அதே பாலிஎத்திலீன், நீண்ட கால ஓட்டத்தில் வேறு முகத்தைக் காட்டியது. 22 மி.மீ. தலை ஆண்டுக்கு 0.1 மி.மீ. உள்ளே போனால் உதிர்வது ஏறத்தாழ 39 கன மி.மீ. பெரும்பகுதி மைக்ரான் அளவிலும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். அவற்றை விழுங்கும் செல்கள் எலும்பைக் கரைக்கும் சைகைகளை வெளியிடுகின்றன. 10, 15 ஆண்டில் எலும்பு அரித்து மூட்டு தளரும். முதலில் இதற்கும் சிமெண்டைத்தான் குற்றம் சொன்னார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே அரிப்பு வந்த பிறகே துகள்கள்தான் காரணம் என்பது உறுதியானது. 1990-களின் இறுதியில் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்த பாலிஎத்திலீன் வந்து தேய்மானத்தை மிகவும் குறைத்தது. இன்று பரவலாக வைக்கப்படுவது அதுதான்.

ஒருவரின் தொடையில் 9 மாதம் நடந்த சோதனை, துணிச்சலானதாக இருந்தாலும், 15 ஆண்டில் வருவதைச் சொல்லாது. அதற்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேடு வேண்டும். சுவீடன் முழங்கால் மூட்டுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் நாடு தழுவிய பதிவேட்டைத் தொடங்கியது. எந்த மாடல், எந்த அளவு, எப்போது வைத்தது, எப்போது எடுத்தது என்ற எளிய விவரங்கள்தான். அவற்றின் பலம் 2000-களில் தெரிந்தது.

அப்போது உலோகக் கிண்ணத்தில் பெரிய உலோகத் தலை வைக்கும் மாடல்கள் பரவின. தேய்மானம் குறைவு, நழுவாது என்று விளம்பரம். அவற்றில் ஒன்று ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. சற்றே தவறான கோணத்தில் பொருத்தினாலும் தலை விளிம்பில் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் திசுவிலும் ரத்தத்திலும் கலந்தன. மறு அறுவை விகிதம் அதிகமாக இருப்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்கூட்டியே காட்டியது. பிரிட்டிஷ் பதிவேட்டில் 5 ஆண்டில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. பெரிய தலையால் முறுக்கு வலு கூடும் என்பது சார்ன்லி 1960-களிலேயே காட்டியது. உலோகத்தின் மேல் உலோகம் ஓடும், பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் மெக்கீயின் மூட்டையும் தன் மூட்டையும் ஊசலில் மாட்டி, எது முன்னதாக நிற்கிறது என்று எல்லோர் கண்ணெதிரிலும் செய்து காட்டியவர் அவர்.

இந்தியாவில் ஏ.எஸ்.ஆர். சுமார் 4,700 பேருக்கு வைக்கப்பட்டது. மத்திய அரசு அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2018-ல் இழப்பீட்டுக்கு வரையறை வந்தது. ஆனால் தொகையைப் பெற வேண்டியவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சார்ன்லியின் 300 பேரும் ஒரே மருத்துவமனையின் கோப்பில் இருந்தார்கள், அதனால் திரும்ப அழைக்க முடிந்தது. இங்கே எல்லா மருத்துவமனைகளும் கட்டாயம் பதிய வேண்டிய நாடு தழுவிய பதிவேடு அப்போது இல்லை. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள் என்ற விவரம் தனித்தனி மருத்துவமனைகளின் அலமாரியில் கிடந்தது, அல்லது அதுவும் இல்லை.

அறுவைக்குப் பிறகு, மூட்டின் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்களை நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். மாடல், அளவு, லாட் எண் மூன்றும் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அதன் நகலைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு கழித்து மறு அறுவை செய்ய வேண்டி வந்தால், எந்தத் தண்டுக்கு எந்தத் தலை பொருந்தும் என்று பார்க்க அந்த மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.